வாசல் பலகையில் இருக்கும் கைகள்

அக்கா,

புறங்கையில் ஏறிய வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், அரப்புப் பொடியும் ஆயிற்று. நேற்று ரசச் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால், யாரோ புது நாற்காலி ஒன்றை இலையில் கொண்டுவந்து வைத்த மாதிரி மணத்தது. நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு, "கனாக்காரி, மொதல்ல சோத்த முழுங்குடி" என்றிருப்பீர்கள்.

எனக்குப் பழக்கமான வாசனைதான் இது. அத்தை இறந்த வருஷத்து மழைக்காலம் முழுக்க உங்கள் கையில் இதே வாசனை இருந்தது. நாம் இரண்டு மருமகள்களும் ஒரே அம்மியில் அரைத்த காலம் அது. நீங்கள் அரைத்த துவையலை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். இப்போது அந்த வாசனை என் கைக்கு வந்திருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஏன் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

பொந்தியானிலிருந்து கரையோரக் கப்பலில் ஏறி நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் இரவு நினைவிருக்கிறதா? பத்து பாகாட் ஊரின் ஆற்றங்கரையில், படகுத்துறைக்குப் பின்னால் நம் மாட்டுக்கொட்டகை. அதை ஒட்டினாற்போல் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு. களைத்துப் படுத்தவளை விடியலில் மணிச்சத்தம் எழுப்பியது. ஜன்னல் வழியே பார்த்தேன். ஆற்றுப்பனி கொட்டகைக்குள் வரைக்கும் வந்து நின்றிருந்தது. பனிக்குள் மாடுகளின் கொம்புகள் தெரிந்தன, உடம்பு தெரியவில்லை. வண்டிகளுக்கு அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்குகள் தாமாகவே நடந்து வாசல் பக்கம் போயின. வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றார். ஒவ்வொரு மாடாக வந்து அவர் முன்னால் நின்றது. அவர் அதன் நெற்றியில் கையை வைத்தார். அதற்குப் பிறகே மாடு நகர்ந்தது. நான் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நினைத்து மறுபடி படுத்துவிட்டேன்.

வெயில் ஏறியபின் நீங்கள் வந்து எழுப்பினீர்கள். கண்டதைச் சொன்னேன். "அது கனா இல்லடி, நம்ம மாமியார்" என்றீர்கள். அன்று வைத்த பேர்தான் கனாக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வாங்கிய பேரைவிட அதுவே எனக்கு நிலைத்தது.

அந்தக் கை வைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். மாமா இறந்து கருமாதி முடிந்த மறுநாள். கொப்பரையும் கொட்டைப்பாக்கும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்ப நின்றன. வண்டிக்காரர்களில் ஒருவர் அத்தையிடம், "ஆத்தா, வண்டி கெளம்புற நேரம் நீங்க உள்ள போயிருங்க. எதுக்க நிக்க வேணாம்" என்று பணிவாகவே சொன்னாராம். தாலி அறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்று அவருக்குப் பயம். அத்தை உள்ளே போகவில்லை. நேராக நடந்து வந்து முன்மாட்டின் நெற்றியில் கையை வைத்தார். "இது என் மாடு. இத அனுப்பி வைக்க நான் ஒளிஞ்சுக்கணுமா?" என்றாராம். அன்றைக்குச் செங்காராங் பக்கம் போன வண்டிகள் அச்சு முறியாமல், சேற்றில் சிக்காமல் பொழுதோடு திரும்பிவிட்டன. மறுநாள் காலை அந்த வண்டிக்காரரே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து அத்தை முன்னால் நிறுத்தினாராம். அவர்தான் நம் சடையண்ணன். அவர் இதைச் சொல்லும்போது தன் பேரை மட்டும் விட்டுவிடுவார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அத்தை இறந்தபோது வீட்டுக்குள் அழுகை ஓய்ந்தபின்னும் கொட்டகையில் வண்டி பூட்டவில்லை. துறையில் சரக்கு கிடந்தது. மாடுகள் வைக்கோலைக் கடித்துக்கொண்டு நின்றன. உங்கள் வீட்டுக்காரர், என் மூத்தார், மாட்டிடம் மணிக்கணக்காகப் பேசுவார், மனிதரைக் கண்டால் வாய் திறக்க மாட்டார். அவர் கொட்டகை மூலையில் உட்கார்ந்துவிட்டார். கேட்கப் போன உங்களிடம் சடையண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கை வைக்காம எப்படிம்மா வண்டிய பூட்டுறது? மாடே நகராதுங்க."

"நான் வைக்கட்டுமா?" என்று நீங்கள் கேட்கவே இல்லை. அடுக்களையில் என்னிடம் மட்டும் சொன்னீர்கள். "அது அவங்க கைடி. நான் வச்சா வெறுங்கை."

இதற்கிடையில் உங்கள் கொழுந்தனார் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "அம்மாவோட எல்லாம் போச்சு. மாட்ட வித்துட்டு சிங்கப்பூர் போலாம். ஹார்பர்ல வேல இருக்கு." என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் மாட்டை விற்றால் கொட்டகையைச் சுற்றிக் குடிசை போட்டிருந்த அத்தனை வண்டிக்காரக் குடும்பமும் எங்கே போகும்? அத்தை தனியாளாக நின்று பிடித்துவைத்த ஒன்று நம் கையில் வந்ததும் உதிர்ந்துபோகப் பார்த்தது. அதை நினைத்து நீங்கள் அடுப்பு முன்னால் சத்தமில்லாமல் அழுதீர்கள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.

அத்தையைப் படமாக எழுதி வைக்கலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியதோ. பாக்கு வாங்கும் சீன முதலாளி தவுக்கே கடையில், காலையில் கடை திறந்ததும் அவர் தன் அப்பா அம்மா படத்துக்கு முன்னால் நின்று தலை குனிந்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார். அதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். "அவங்க கடையில அவங்க ஆத்தா இருக்காங்கல்ல? நம்ம வாசல்ல நம்ம ஆத்தா இருக்கட்டும். வண்டி அவங்களுக்குக் கீழ போகட்டும்" என்றீர்கள். உறவுக்காரர் ஒருவர், கைம்பெண் படத்தைப் போய் வாசலில் மாட்டுவார்களா என்று இழுத்தார். "உசுரோட அங்கதான நின்னாங்க" என்றீர்கள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தையின் போட்டோ ஒன்றுகூட நம்மிடம் கிடையாது. தன்னைப் படப்பெட்டிக்குள் போட யாருக்கும் உரிமை இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் சீனத் தெருவில், சவப்பெட்டிக் கடைக்குப் பக்கத்தில் இருந்த, அப்பேக் என்று நாம் கூப்பிடும் சீனப் படக்காரருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. இறந்தவர்களின் படம் எழுதுவதுதான் அவர் தொழில். கக்கத்தில் ஒரு பெரிய புத்தகத்தோடு வந்தார். விரித்தால் ஒரு பக்கம் முழுக்க மூக்கு, ஒரு பக்கம் முழுக்கக் கண், ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் காது. "இனி ஹிடோங், இத்து மாத்தா. பிலே லா!" என்றார். இது மூக்கு, அது கண், எடுத்துக்கொள்ளுங்கள் என்று, என்னவோ கத்திரிக்காய்க் கூடையைக் காட்டுவதுபோல் காட்டினார்.

அன்று நடந்த கூத்து! ஆளுக்கொரு வாயைக் காட்டினோம். சடையண்ணன் காதுக்காகச் சண்டை போட்டார். என் மூத்தார் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று விரலை நீட்டி ஒரு ஜோடிக் கண்ணைத் தொட்டார். தொட்ட விரலை எடுக்காமலே அழ ஆரம்பித்தார். கண் முடிவாயிற்று. மூக்குதான் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அத்தை மூக்கு அப்படியே இருந்தது ஒரே ஒரு ஆளிடம், உங்கள் கொழுந்தனாரிடம். மாட்டை விற்கச் சொன்ன மனிதரை முக்காலியில் உட்காரவைத்து, அவர் மூக்கைப் பார்த்து அப்பேக் கோடு கிழித்தார். "விக்கச் சொன்ன மூக்கு, அசையாம இரு" என்று நீங்கள் முந்தானைக்குள் சிரித்தீர்கள்.

படம் எழுதிய பலகை வந்தது. துணியை எடுத்ததும் எல்லாரும் மூச்சை இழுத்தோம். அத்தைதான். பொட்டில்லாமல் திருநீறு மட்டும் பூசிய நெற்றி, கோபம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற அந்தப் பார்வை. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். நேரில் நிற்பதுபோலவே இருந்தார். அப்புறம்தான் சடையண்ணன் கிட்டே போய், மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மொகம் ஆத்தாதான். கைய எங்க வச்சாங்க?"

கை இல்லை. வெள்ளைச் சேலை அகலமாக மடிந்து மடிந்து இறங்கியது, கைகள் அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தன. அப்பேக் மேல் தப்பில்லை. அவர் ஊர்ப் படங்களில் பெரியவர்கள் அகலமான சட்டைக் கைக்குள் இரண்டு கையையும் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்களாம். மரியாதை அதுதான். ஆயுசு முழுக்கப் படம் எழுதிய மனிதர் ஒரு கையைக்கூட எழுதியதில்லை. "தாங்கான் சாயா தா தாவு" என்று தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கை மட்டும் அவருக்கு வராதாம். புத்தகத்திலும் கைக்கென்று ஒரு பக்கம் கிடையாது. வண்டிக்காரர்கள் கலைந்து போனார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தக் கை ஒன்றுதானே.

"என் கையப் பாத்து எழுதச் சொல்லுங்க" என்று நீங்கள் சொன்னது அப்போதுதான்.

அந்த மழைக்காலத்து மத்தியானங்களை நான் இன்னும் கனவில் காண்கிறேன். கொட்டகைக் கூரையில் மழை. வைக்கோல் சூடும் சாணி மணமும் வார்னிஷும் கலந்த ஒரு காற்று. நீங்கள் அத்தையின் முக்காலியில் உட்கார்ந்து வலது கையை முன்னால் நீட்டியிருப்பீர்கள். அப்பேக் உங்கள் புறங்கையில் ஒரு சொட்டு வண்ணம் வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், துடைப்பார், வேறொரு சொட்டு வைப்பார். வரைவார், அழிப்பார். விரல்கள் முதலில் வெண்டைக்காய் மாதிரி வந்தன. கை கடுத்துப்போகும் உங்களுக்கு. நான் பக்கத்தில் இருந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டே தூங்கிவிடுவேன்.

அப்படி ஒரு நாள் அரைத்தூக்கத்தில் மணிச்சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். யார் அவிழ்த்துவிட்டார்களோ, நம் செவலை மாடு மெதுவாக நடந்து வந்தது. அத்தைக்குப் பிறகு சரியாகத் தீவனம் எடுக்காமல் கிடந்த மாடு. வந்து, நீட்டிய உங்கள் கைக்கு அடியில் தன் நெற்றியைக் கொடுத்து நின்றது. நீங்கள் பதறிக் கையை எடுக்கப் பார்த்தீர்கள்.

"வச்சிரு" என்றார் என் மூத்தார், மூலையிலிருந்து. அவர் அதற்கு மேல் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நீங்கள் வைத்திருந்தீர்கள். உங்கள் கன்னத்தில் நீர் வழிந்தது. அப்பேக் தூரிகையை எடுத்தார். அன்றைக்குத்தான் அவருக்குக் கை வந்தது.

மறுநாள் பலகையை வாசலுக்கு மேலே ஏற்றினார்கள். மேலே அத்தை முகமும் உங்கள் கையும். கீழே நீங்கள். வண்டிக்காரர்கள் படத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு மாட்டை உங்களிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிங்கப்பூர்ப் பேச்சு அன்றோடு அடங்கியது. ரப்பர் விலை விழுந்து ஊரே காய்ந்துகிடந்த வருஷங்களிலும் நம் கொட்டகையிலிருந்து ஒரு குடும்பம்கூட வெளியே போகவில்லை. அதை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால், "அம்மியில உளுந்து கெடக்கு பாரு" என்றிருப்பீர்கள்.

லாரி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மாடு ஓட்டியவர்களின் பிள்ளைகளே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எஞ்சினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிளம்பவில்லை. எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். சடையண்ணன் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இதுக்கு நெத்தி எதுங்க?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. முன்பக்கம், தண்ணீர் ஊற்றும் மூடிக்குக் கீழே உள்ள தகடுதான் நெற்றி என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். நீங்கள் அங்கே கையை வைத்தீர்கள். மாட்டுக்கு வைப்பதுபோலவே நிதானமாக, அழுத்தமாக.

அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் உங்களுக்கு. லாரிகள் போனதும் நேரே மாட்டுத் தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு சற்று நேரம் நிற்பீர்கள். பனியில் உங்கள் உருவம் பாதிதான் தெரியும். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். "கங்கைக்கு நன்றி சொல்றீங்களாக்கா?" என்று கேலி செய்வேன். "ஆமாடி, உனக்கும் சேத்து" என்பீர்கள்.

இந்த மழைக்குச் சற்று முன்னால் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. கடைசி நாளில் உங்கள் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை நடுவில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. இத்தனை வருஷம் மாட்டுக்கயிறு பிடித்த கை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி வாசல் நின்றுபோயிற்று, அக்கா. லாரிகள் வரிசையாக நிற்க, பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். கிழவராகிவிட்ட சடையண்ணன் என்னைப் பார்த்தார். நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிங்கப்பூர் போக ஆசையாக இருந்தது. மின்சார விளக்குப் போட்ட மாடியறை, ஜன்னலில் கப்பல் விளக்குகள், நான் பாட்டுக்குக் கனாக் கண்டுகொண்டு கிடக்கலாம். அத்தைக்கு இருந்த கோபம் எனக்கு இல்லை, உங்களுக்கு இருந்த பொறுமையும் இல்லை. பின்னே எதை வைத்துக்கொண்டு நான் வாசலில் போய் நிற்பது?

அதே அப்பேக்கைத்தான் கூப்பிட்டோம். இப்போது மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். உங்களுக்குப் போட்டோ இருந்ததால் புத்தகம் தேவைப்படவில்லை. ஆனால் அது கழுத்தளவுப் போட்டோ. கை என்று பேச்சு வந்ததும் அவர் சந்தோஷமாக வாசலைக் காட்டினார். இவர் கைதானே அங்கே இருக்கிறது, பார்த்து எழுதிவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. இதைவிடப் பொருத்தம் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"அது ஆத்தா கைங்க" என்றார் சடையண்ணன். "பெரியம்மா அத ஆத்தாவுக்குக் குடுத்துட்டாங்க. குடுத்தது குடுத்ததுதான். இதுக்கு வேற கை வேணும்."

"என் கை சின்னதுண்ணே. சுண்டுவிரல் கோணல்" என்றேன்.

அப்போது உங்கள் கொழுந்தனார் எழுந்து அந்த முக்காலியை எடுத்து வந்து என் முன்னால் போட்டார். "உக்காரு. என் மூக்கே அங்க தொங்குது. உன் கை தொங்கினா என்னவாம்?" என்றார். வருஷக்கணக்காகச் சிங்கப்பூர் சிங்கப்பூர் என்ற மனிதர்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

மழையும் கூடவே வந்தது. நீட்டிய என் கையைத் தாங்க யாருமில்லை. கண் சொக்கும்போதெல்லாம் முழங்கைக்கு அடியில் ஒரு கை இருப்பதுபோல் இருந்தது. செவலையின் மணிகூடக் கேட்டது. செவலை செத்து எத்தனை காலம்! அப்பேக் என் புறங்கையில் சொட்டுச் சொட்டாக வண்ணம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுச் சாயங்காலம் அத்தை பலகைக்குப் பக்கத்தில் உங்கள் பலகையை ஏற்றினார்கள். சிவப்புப் பொட்டும் அந்தப் பாதிச் சிரிப்புமாக நீங்கள். கோணல் சுண்டுவிரலோடு என் கை. துறையிலிருந்து பார்க்க வந்தவர்கள், "பெரியம்மா கையேதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

இன்று காலை வாசலில் போய் நின்றேன். பனிக்குள் எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. முதல் லாரி வந்து எனக்கு முன்னால் நின்றது. மேலே உங்களைப் பார்த்துக்கொண்டேன். தகட்டில் கையை வைத்தேன்.

சுட்டது, அக்கா! அடுப்பில் கிடந்த தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுட்டது. எடுத்துவிடத்தான் பார்த்தேன். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கொழுந்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் வைத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் வைத்திருந்தேன். பிறகு அடுத்த லாரிக்கும், அதற்கடுத்ததற்கும்.

எல்லாம் போனபின் கால்கள் தாமாகவே தொட்டிக்குப் போயின. தண்ணீரில் கையை விட்டேன். இத்தனை வருஷம், மழையிலும் பனியிலும் இங்கே நின்றீர்களே, ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொன்னீர்களா? நான் கங்கை என்றும் காவிரி என்றும் கேலி பேசிக்கொண்டிருந்தேனே. உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்படியே நின்று அழுதேன்.

சடையண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"என்ன சின்னம்மா, கை வைக்கிறது சுலுவா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"சுலுவாத்தாண்ணே இருந்துச்சு" என்றேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.